ஒன்பதடி பேனரும் பத்தடிச் சட்டமும்

கவரைப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் அன்புசெல்வன் வெட்டாத தலை குறைவு. மாப்பிள்ளைத் தலை, மணப்பெண் தலை, வார்டு மெம்பர் தலை, அவரை எதிர்த்து நின்று தோற்றவர் தலை என்று எல்லாவற்றையும் கழுத்துக்குக் கீழே நான்கு விரற்கடை விட்டுக் கத்தரிப்பான். பின்னால் இருந்த பீரோவையும் பக்கத்து வீட்டு மோட்டார் பைக்கையும் நீக்குவான். அருவிக்கும் அன்னப்பறவைக்கும் நடுவில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் எட்டுக்குப் பத்து அறை, ஒரு கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டருக்காக ஒரு ஏசி, இவ்வளவுதான் கடை. அச்சடிக்கும் மெஷின் கிடையாது. டிசைனை முடித்துக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் மோசஸுக்கு அனுப்பினால் அவன் ஃப்ளெக்ஸில் அடித்து டெம்போவில் ஏற்றிவிடுவான்.

ஏழு வருடத் தொழிலில் அன்பு கற்றுக்கொண்டது ஒன்றுதான். பேனரில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. தலையைத்தான் அளக்கிறார்கள். பெரியப்பா தலை சித்தப்பா தலையைவிட ஒரு சுற்றுச் சிறுத்துப்போனால் அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு மிஞ்சும். இது தெரிந்ததால்தான் அவன் கடை ஓடிக்கொண்டிருந்தது. ஊரான் வீட்டுத் தலைகளாக இருந்தவரைக்கும் அவனுக்கு இதில் பயம் ஏதும் இருந்ததில்லை.

இப்போது சொந்த வீட்டுத் தலைகள் வந்திருந்தன. மகள் தன்ஷிகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மனைவி பூமிகாவுக்கு அப்பா அம்மா இல்லை, இரண்டு அண்ணன்கள். அந்த இரண்டு பேரும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை.

மூத்தவர் தணிகாசலம். சிப்காட்டில் கதவுக்கீல் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடத்துக்கு முன்னால் பிரஸ் மெஷின் அவருடைய இடதுகை ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. கம்பெனி யோசித்துப் பார்த்தது. விரல் போனவனுக்குத்தான் விரலின் அருமை தெரியும் என்று அவரைப் பாதுகாப்பு சூப்பர்வைசர் ஆக்கியது. அதோடு விடாமல் அந்தக் கையைப் படம் எடுத்து, ‘ஐந்து நல்லது, நான்கு போதாது’ என்று போஸ்டரும் அடித்தது. டிசைன் அன்புதான். பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் கேட்டு வாங்கி ஒட்டினார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் கம்பெனி கேட், டீக்கடைச் சுவர், கம்பெனி பஸ்ஸின் பின்கண்ணாடி என்று எங்கே பார்த்தாலும் தணிகாசலத்தின் கை. முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாதவர்கள்கூட அவர் டீ கிளாஸைப் பிடிக்கும்போது எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

இளையவர் வீரராகவன். அதே கம்பெனியில் க்யூசி. அடித்து வரும் கீல்கள் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சட்டைப்பையில் மில்லிக் கணக்கில் அளக்கும் வெர்னியர், இடுப்பில் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பொங்கல் கரும்பைக்கூடக் கணு எண்ணி வாங்குகிற மனிதர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வீரராகவன் கை உறை போடாமல் பிரஸ் செக்ஷனுக்குள் போனார். கை உறை போட்டால் வெர்னியர் பிடிக்க வராது என்பது அவர் கட்சி. தணிகாசலம் மெமோ கொடுத்தார். ஒரு நாள் சஸ்பெண்ட். மறுநாள் கேன்டீனில் நாற்பது பேர் முன்னால் வீரராகவன் கேட்டார்: “ஒரு விரல் போனதுக்கே ஊருக்கு வாத்தியாராயிட்ட. நாலு போயிருந்தா கலெக்டர் ஆயிருப்ப போலக்குது.”

தணிகாசலம் தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒருவர் முதல் சீட்டு, ஒருவர் கடைசி சீட்டு. தம்பி அண்ணனை ‘அந்தாளு’ என்றார். அண்ணன் தம்பியை ‘க்யூசிக்காரன்’ என்றார்.

“ரெண்டு பேரும் வரணும்” என்றாள் பூமிகா. “ஒருத்தர் வரலன்னாலும் காதுகுத்து கெடையாது. என் பொண்ணு மூளிக்காதோடயே காலேஜுக்குப் போவட்டும்.”

“அவளுக்கு இன்னும் பல்லே மொளைக்கல. அதுக்குள்ள காலேஜா?”

“சிரிச்சிக்கினே இரு. மூணு மாசம் முன்ன சீமந்தத்துக்குப் போன எடத்துல இன்னா கேட்டாங்க தெரியுமா? உனக்கு ஒரு அண்ணனா ரெண்டு அண்ணனான்னு. தெரிஞ்சிக்கினேதான் கேக்கறாளுங்க.”

அவளே இரண்டு வீட்டுக்கும் நடந்தாள். ஒரு வாரம் பேசி ஒப்பந்தம் முடிந்தது. குழந்தை மூத்த மாமன் மடியில் உட்காரும், அதை மாற்ற முடியாது. ஆனால் மடி அவருக்கு என்றால் பேனரில் தனக்கு ஒரு நூல்கூடக் குறையக்கூடாது, ஒரே பேனரும் கூடாது என்றார் வீரராகவன். அவன் மூஞ்சிக்குக் கீழே நுழைந்து நான் வரமாட்டேன் என்றார் தணிகாசலம். ஆகவே அன்பு வீட்டுத் தெருவுக்கு இரண்டு முனை இருப்பது நல்லதாகப் போயிற்று. ஸ்டேஷன் பக்கத்து முனையில் தணிகாசலம், ஹைவே பக்கத்து முனையில் வீரராகவன். இரண்டும் ஒன்பதுக்கு ஆறு அடி. இரண்டு தலையும் மோவாயிலிருந்து உச்சிவரை சரியாக இருபத்து நான்கு இன்ச். இதில் பிசகினால் பிசகு அடைந்தவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் காதுகுத்து கிடையாது. கணக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீரராகவன் கடைக்கு வந்து அன்புவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

“என் போட்டோ அனுப்பனேனே, வந்துச்சா மாப்ள?”

வந்திருந்தது. முதலாவது, ஏதோ பரீட்சைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டரில் இருபது கேபிக்குச் சுருக்கிய படம். அதை இருபத்து நான்கு இன்ச்சுக்குப் பெரிதாக்கினால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் நான்கு கட்டம்தான் தெரிந்தது. இரண்டாவது, போனில் எடுத்த செல்ஃபி. போன் தானாகவே அவருக்கு லிப்ஸ்டிக் போட்டிருந்தது.

“சின்னப் படத்தப் பெரிசாக்க முடியாதா? பெரிசத்தான் சின்னதாக்கறியே.”

“மச்சான், ஒரு டம்ளர் பால்ல ஒரு கொடம் தண்ணி ஊத்துனா கொடம் ரொம்பும். பால் ரொம்பாது.”

வீரராகவன் இதைத் தொழில் ரீதியாக யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

உருப்படியான படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் பூமிகாவின் கல்யாணத்தில் நல்ல கேமராவில் எடுத்தது. பட்டுச்சட்டை, புது சவரம், முகத்தில் ஒரு களை. படத்தின் இடது ஓரத்தில் தணிகாசலம் நின்று தம்பியின் தோளில் கை வைத்திருந்தார்.

“இதே இருக்கட்டும். அந்தாளத் தூக்கிடு” என்றார் வீரராகவன்.

அன்பு தூக்கினான். விரல் நுனிகள் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால் கோட்டை வைத்துக் கத்தரித்தான். தோளின் கடைசிப் பகுதி போயிற்று, அண்ணனும் போனார். மிச்சமிருந்த வீரராகவனைப் பேனரின் இடது ஓரத்தோடு ஒட்டி நிறுத்தினான். நடுவில் நிலாவின் மேல் தன்ஷிகா, வலதுபக்கம் அவள் பெயரும் தேதியும்.

படத்தைக் கத்தரிக்கும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் டிக் போட்டால் வெட்டின பகுதி அடியோடு அழியும். போடாவிட்டால் வெட்டின பகுதி கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்துக்கு அந்தப்பக்கம் பத்திரமாக இருக்கும். அன்பு டிக் போடுவதே இல்லை. வெட்டச் சொல்லிவிட்டுப் போன அதே ஆட்கள் சாயங்காலம் வந்து, ‘அந்தச் சித்தியயும் சேத்துடுப்பா, ஊட்ல ஒரே பேஜாரு’ என்று நிற்பார்கள். அழித்துவிட்டால் சித்தி திரும்பக் கிடைக்கமாட்டாள்.

வீரராகவன் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து மானிட்டர் மேல் வைத்தார். “அறுபத்திரண்டு மில்லி.”

அன்பு வேறு ஏதோ சரிசெய்யப் படத்தைத் தள்ளிக் காட்டினான்.

“இன்னா மாப்ள, இப்ப நாப்பதுக்கு எறங்கிடுச்சு?”

“அது ஜூம் மச்சான். கிட்டப் போயிப் பாக்கறோம், எட்டப் போயிப் பாக்கறோம், அவ்ளோதான். ஆளு அதே சைஸுதான்.”

“அப்ப அந்தாளுதயும் தொற. ரெண்டும் ஒரே எட்டத்துல வச்சிக் காட்டு.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இங்கேதான் சிக்கல். தணிகாசலத்துக்கு முன்வழுக்கை. அளவு இரண்டுக்கும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தும், முடி இல்லாத தலை பளபளவென்று பெரிதாகத் தெரிந்தது. வீரராகவன் இரண்டு தடவை அளந்தார். எண் சரியாகத்தான் இருந்தது. முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்த முகத்தை நினைத்துக்கொண்டே அன்பு தணிகாசலத்தின் தலையில் அரை இன்ச் குறைத்தான். இப்போது பார்வைக்கு இரண்டும் சமமாக இருந்தன. வழுக்கையை அளக்க தணிகாசலம் டேப் எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. இரண்டு டிசைனையும் மோசஸுக்கு அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை பேனருக்கு மரச்சட்டம் அடிக்கும் வரதன் கூப்பிட்டார். ஒரு சட்டம் ஒன்பதடி. ஹைவே முனைக்கான இன்னொன்று பத்தடியாக வந்துவிட்டது.

“எப்படிண்ணா தானா வரும்?”

“கட்ட நல்ல கட்ட. ஒரு அடி அறுத்தா அது அடுப்புக்குத்தான் ஆவும். மனசு கேக்கல. நீ ஃப்ளெக்ஸ ஒரு அடி நீட்டிக்கோ, உனக்கு அது கையில இருக்கற வேலதான?”

அன்பு அப்போது கடம்பத்தூரில் சமையல்காரரிடம் சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று பேசிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே மோசஸைக் கூப்பிட்டான்.

“மோசஸு, ஹைவே பக்கத்து பேனர் இருக்குல்ல, அது பத்தடி. ஆனா இழுக்காத. இழுத்தா மூஞ்சி அகலமாப் பூடும், எங்க மச்சான் டேப்போட வருவாரு. வலதுபக்கம் எழுத்து ஓரத்துலயே குந்திக்கினு கீது. இடதுபக்கம் ஒரு அடி அகலம் மட்டும் கூட்டு. தலையத் தொடாத.”

“தலையத் தொட மாட்டேன்ணா” என்றான் மோசஸ். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, பால் கேனை வண்டியில் வைத்துக்கொண்டு அன்பு ஹைவேயிலிருந்து தெருவுக்குள் திரும்பும்போது பேனருக்குக் கீழே ஆறேழு பேர் அண்ணாந்து நின்றார்கள். ஒரு பொடிசு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

அன்பு வண்டியை நிறுத்தினான்.

வீரராகவன் பட்டுச்சட்டையில் களையாக இருந்தார். தலை அளவு அப்படியே இருந்தது. இடதுபக்கம் கூடுதலாக வந்த ஒரு அடியில் அவருடைய தோளின் மிச்சம் வந்திருந்தது. தோளின் மேல் ஒரு கை. ஆள் இல்லை, முழங்கை இல்லை, மணிக்கட்டோடு நின்ற ஒரு கை மட்டும், ஆள்காட்டி விரல் இல்லாமல், தலையணை அளவுக்குத் தெளிவாக இருந்தது. கேமரா நல்ல கேமரா.

மோசஸுக்குப் போன் போட்டான்.

“ஆமாண்ணா, அகலத்தக் கூட்னேன். வெள்ளையா வரும், பூ எதுனா போட்டு அடைக்கலாம்னு பாத்தா, உள்ள இருந்து படமே வந்து ரொம்பிக்கிச்சு. வேல மிச்சம். நல்லாக்குதுல்ல?”

அன்பு வரதனைத் தேடிப் பிடித்து ஏணியோடு கொண்டுவந்தான்.

“அந்த ஒரு அடிய மட்டும் பின்னால மடிச்சி ஆணி அடிச்சிடுண்ணா.”

“மடிச்சா கட்ட தெரியும். நல்ல கட்டதான், ஆனாலும் பல்லு இளிச்சாப்ல இருக்கும்.”

“இளிக்கட்டும். சீக்கிரம் ஏறு.”

வரதன் மூன்றாவது படியில் இருக்கும்போது வீரராகவனின் பைக் வந்து நின்றது. பின்னால் அவர் மனைவி, மடியில் சீர்த்தட்டு. அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேலே பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது யாரு கை?”

அது யாருடைய கை என்று தெரியாதவர் அந்தத் தெருவில் எவருமில்லை. டீக்கடையில் அதே கைக்குக் கீழே உட்கார்ந்து நாஷ்டா செய்துவிட்டு வந்தவர்களே நாலு பேர் அங்கே நின்றார்கள்.

“மச்சான், கத்தரிச்சதுதான். சட்டம் ஒரு அடி பெரிசாப் போச்சு. அகலத்தக் கூட்டும்போது அதுவா வெளிய வந்துக்குது. இதோ மடிச்சிடறேன், ரெண்டு நிமிஷம்.”

பூமிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வந்தாள். பேனரைப் பார்த்தாள், சின்ன அண்ணனைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். மூளிக்காது, காலேஜ் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

எண்ணிக்கொண்டிருந்த பொடிசு தெருவின் மறுமுனைக்கு ஓடிச் செய்தி சொல்லிவிட்டது. தணிகாசலம் வெள்ளை வேட்டியோடு நிதானமாக நடந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவன் மூஞ்சிக்குக் கீழே வரமாட்டேன் என்று சொல்லியிருந்ததால், நேர் கீழே வராமல் இரண்டடி தள்ளி நின்றார்.

“இன்னா மாப்ள, இது என் கைதான?”

“ஆமா மச்சான்.”

“கீழ ‘நான்கு போதாது’ன்னு போடாம வுட்டுட்ட.”

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். வீரராகவன் சிரிக்கவில்லை. மேலே பார்த்தபடியே, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்.

“மூணு மணி நேரம் அந்தக் கைய எடுக்கவே இல்ல. தோளு மரத்துப் போச்சு.”

“நீ அழுதுக்கினு இருந்த” என்றார் தணிகாசலம். “தங்கச்சி கல்யாணத்துல ஆம்பள அழுவறத நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும்? அதான் புடிச்சிக்கினேன்.”

“அழல. ஓமப் பொக.”

“ஓமம் மண்டபத்துக்கு அந்தாண்ட இருந்துச்சு.”

வீரராகவன் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, ஏணியில் நின்ற வரதனிடம் நீட்டினார். “மோவாயிலேருந்து புடிண்ணா. உச்சி வரைக்கும்.”

வரதன் பிடித்தார்.

“இருபத்தி நாலு.”

“சரியா?”

“ஒரு நூல் முன்னபின்ன இல்ல.”

வீரராகவன் டேப்பை வாங்கிச் சுருட்டினார். கம்பெனியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும்போது வைத்திருக்கும் அதே முகத்தை வைத்துக்கொண்டார்.

“தல சரியாக்குது. மத்தது கொஞ்சம் முன்னபின்ன இருந்தா பாஸ் பண்ணலாம். ஏணிய எட்த்துடுங்க” என்றார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, இடதுகையைப் பார்த்தார். “அன்னிக்கிக் கேன்டீன்ல…”

“தட்டு வெயில்ல நிக்குது” என்றார் தணிகாசலம். “உள்ள வா.”

காதுகுத்து ஒன்பது மணிக்கு நடந்தது. தன்ஷிகா மூத்த மாமன் மடியில் உட்கார்ந்து, பத்தர் ஊசியை எடுக்கும்வரை எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். எடுத்ததும் காலால் உதைத்துப் பத்தரின் கண்ணாடியைத் தள்ளினாள். தணிகாசலத்தின் ஒன்பது விரல்களுக்கு அடங்கவில்லை. வீரராகவன் சீர்த்தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டார். “இந்தாண்ட ரெண்டு மில்லி கீழ எறக்குங்க பத்தரே, ரெண்டு காதும் ஒண்ணா இல்ல” என்று பத்தருக்கு யோசனையும் சொன்னார். பத்தர் முப்பது வருடமாகக் காது குத்துகிறவர். இருந்தும் இரண்டு மில்லி இறக்கிக் குத்தினார். பூமிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அங்கே ஓமப் புகையும் இல்லை.

சாப்பாடு மிஞ்சவில்லை. இரண்டாவது பந்தி எழும்போது அன்பு கணக்குப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போது ஸ்டேஷன் பக்கத்து முனையிலிருந்து வீரராகவன் வேகமாக வந்தார். கையில் டேப். பின்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரதன்.

“இன்னா மாப்ள இது?”

“இன்னா மச்சான்?”

“எங்க அண்ணன் தல இருபத்தி மூணரைதான் வருது.”

அன்பு எழுந்து நின்றான். “அது வந்து மச்சான், வழுக்கை. சரியா வச்சா பெரிசாத் தெரியுது. அதான் அன்னிக்கி நீங்களே…”

“வழுக்கைன்னா அரை இன்ச் கொறச்சிடுவியா? ஒரு மூத்த மாமன் தலய? நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பாங்க?”

“விசேஷமே முடிஞ்சிப் போச்சே மச்சான்.”

“பேனர் ஒரு வாரம் நிக்கும்ல. எறக்கு. வேற அடி.”

தணிகாசலம் கொஞ்சம் தள்ளி நின்று இடதுகையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு தனக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி வேறு பக்கம் பார்த்தார். ஆனால் போகவில்லை.

அன்பு போனை எடுத்தான்.

“மோசஸு, ஸ்டேஷன் பக்கத்து பேனரு. தல அரை இன்ச் பத்தலயாம்.”

“டிசைன் எங்கிட்டயே இருக்குதுண்ணா. மறுபடியும் அகலத்தக் கூட்டணுமா?”

“வாணாம்” என்றான் அன்பு. “இந்தத் தபா இழுத்துடு.”